அஞ்சல் கோப்பின் ஐந்தெழுத்து

1990களில் வெளியான இயற்பியல் கட்டுரைகளைப் புரட்டுகிறவர்களுக்குச் சில பக்கங்களில் ஒரு விநோதக் குறி தென்படும். ஒழுங்கான ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருக்கும் கட்டுரையில் திடீரென்று ஒரு வாக்கியம் தலைகீழான கேள்விக்குறியோடு தொடங்கும்: ¿. ஸ்பானிய மொழியில் கேள்விக்கு முன்னால் இடுகிற குறி அது. எழுதியவர் ஸ்பெயின்காரர் அல்ல, அந்த வாக்கியம் கேள்வியும் அல்ல. 'மேற்கண்ட சமன்பாட்டிலிருந்து கிடைப்பது...' என்ற வகையான சாதாரண வாக்கியம். ஆங்கிலத்தில் இத்தகைய வாக்கியங்களை 'ஃப்ரம்' என்ற சொல்லில் தொடங்குவார்கள். தலைகீழ்க் கேள்விக்குறி வந்து ஒட்டிக்கொள்வதும் அந்த ஒரு சொல்லின் முன்னால்தான்.

அச்சுக்கோப்பவரின் கைத்தவறு அல்ல இது. ஒன்றையொன்று அறியாத இரண்டு மென்பொருள்கள் சேர்ந்து செய்த வேலை. அந்தக் காலத்து இயற்பியலாளர்கள் டொனால்ட் க்னூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியில் கட்டுரை எழுதி, அதை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய கட்டுரைக் களஞ்சியம், இன்று ஆர்கைவ் என்று நாம் அறிவது, ஆரம்பத்தில் மின்னஞ்சல் வழியாகத்தான் இயங்கியது. வழியில் இருந்த ஏதோ ஓர் அஞ்சல் நிரல், வரியின் தொடக்கத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும் அதன் முன்னால் '>' என்ற குறியைச் செருகிவிடும். டெக்கின் பழைய எழுத்துருக்களில் '>' இருக்க வேண்டிய இடத்தில் '¿' உட்கார்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்தபோது இயற்பியலுக்குள் ஸ்பானியம் புகுந்தது.

அடுத்தவர் எழுதிய கடிதத்துக்குள் கைவைக்க அந்த அஞ்சல் நிரலுக்கு என்ன அவசியம் வந்தது? பதில், மின்னஞ்சல்களை வட்டில் சேமித்து வைக்கும் முறையில் இருக்கிறது. அரை நூற்றாண்டாக அந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. அதற்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விதிமுறை ஒருநாளும் இருந்ததில்லை.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்று தேதியிடப்பட்டது. அதிலேயே 'மெயில்' என்ற கட்டளை இருக்கிறது. ஊர்விட்டு ஊர் போகிற அஞ்சல் அல்ல அது. ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட சிலர் ஒருவருக்கொருவர் குறிப்பு விட்டுப்போக ஒரு வசதி, அவ்வளவுதான். கடிதம் வந்தால் பெறுநரின் கோப்பில் கடைசியாகச் சேர்த்துவிடும். முந்தையது எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது என்று தெரிய வேண்டுமே? அதற்காக ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் அனுப்பியவர் பெயரும் நாளும் கொண்ட ஒரு வரி. படித்து முடித்து வைத்துக்கொண்ட கடிதங்கள் 'எம்பாக்ஸ்' என்ற கோப்பில் கிடக்கும். அந்தப் பெயரே பின்னால் இந்த முறைக்கு நிலைத்துவிட்டது. ஒரே நோட்டில் பல கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் படியெடுத்து, இடையிடையே கோடு போட்டு வைப்பது போல.

காலப்போக்கில் அந்தக் கோடு ஓர் உருவத்துக்கு வந்தது. 'ஃப்ரம்' என்ற சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துகள், முதல் எழுத்து பெரியது, மற்ற மூன்றும் சிறியவை. அதன்பின் ஓர் இடைவெளி. பிறகு அனுப்புநர், பிறகு கிழமை, மாதம், தேதி, மணி, ஆண்டு. இந்த வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி. கணினிக்கு இடைவெளியும் ஓர் எழுத்துதான் என்பதால் மொத்தம் ஐந்து. எம்பாக்ஸின் மந்திரம் இந்த ஐந்தெழுத்துதான். இனி அப்படியே அழைப்போம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். நாம் காணும் ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் 'ஃப்ரம்' என்ற வரி இருக்கிறது. அது வேறு. 1982இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம் முதல் இன்றைய ஆர்எஃப்சி 5322 வரை முறையாக வரையறுக்கப்பட்டது அது. அதில் சொல்லை ஒட்டி முக்காற்புள்ளி வரும். பிரிப்பு வரியில் அந்த இடத்தில் இடைவெளி. ஒரே ஒரு பைட் வித்தியாசம். மின்னஞ்சலின் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதற்குப் பக்கம் பக்கமாக விதி எழுதிய உலகம், பல மின்னஞ்சல்களை ஒரு கோப்பில் எப்படி அடுக்குவது என்பதைப் பற்றி எழுதாமலே விட்டது. இவ்வளவு எளிய விஷயத்துக்கு ஆவணம் எதற்கு என்ற நினைப்புதான் காரணமாக இருக்க வேண்டும். எளிமைதான் இங்கே ஆபத்தானது. கடினமான முறையாக இருந்தால் யாராவது உட்கார்ந்து விதி எழுதியிருப்பார்கள்.

கடிதத்துக்குள்ளேயே கோடு

ஆங்கிலத்தில் எழுதுகிற எவரும் ஒரு வாக்கியத்தை அந்தச் சொல்லில் தொடங்கலாம். அது வரியின் தொடக்கத்தில் விழுந்தால் கடிதத்துக்கு நடுவிலேயே ஐந்தெழுத்து வந்துவிடும். பிரித்துப் படிக்கும் நிரலை, கணினித் துறையில் பார்சர் என்பார்கள், இது ஏமாற்றிவிடும். ஒரு கடிதம் இரண்டாக உடையும். இரண்டாவது துண்டுக்கு அனுப்புநர் இல்லை, தலைப்பு இல்லை, தேதி இல்லை. பல அஞ்சல் நிரல்கள் தேதியில்லாத கடிதத்துக்கு 1970 ஜனவரி 1 என்று போட்டுவிடும், யூனிக்ஸ் நேரக்கணக்கு அன்றுதான் பூஜ்யத்தில் தொடங்குகிறது. உங்கள் அஞ்சல் பட்டியலின் அடியாழத்தில் அப்படியொரு பேய்க் கடிதம் கிடந்தால் இப்போது அதன் பூர்வீகம் தெரிந்திருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தமிழ் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் பேஸ்64 போன்ற குறிமுறையில் மாற்றி அனுப்பப்படுகின்றன. அந்தக் குறிமுறையின் எழுத்துத் தொகுதியில் இடைவெளியே கிடையாது. ஆகவே அதில் ஐந்தெழுத்து தோன்ற வழியே இல்லை. யாரும் திட்டமிடாமல் கிடைத்த பாதுகாப்பு.

தரவும் தரவைப் பிரிக்கும் குறியும் ஒரே வழியில் போனால் இந்தச் சிக்கல் வந்தே தீரும். தொலைத்தொடர்புப் பொறியாளர்களுக்கு இது புதிதல்ல, தீர்வும் அவர்களிடம் இருந்தது. எச்டிஎல்சி என்ற பழைய தொடர்பு நெறிமுறையில் 01111110 என்ற எட்டு பிட்கள் வந்தால் ஒரு சட்டகம் முடிந்தது என்று பொருள். தரவுக்குள்ளேயே அந்த வரிசை வந்துவிட்டால்? அனுப்பும் கருவி, தொடர்ந்து ஐந்து 1கள் போனதுமே ஒரு 0வைக் கட்டாயமாகச் செருகும். பெறும் கருவி, ஐந்து 1களுக்குப் பின் வரும் அந்த 0வை எடுத்துவிடும். போட்டது அப்படியே திரும்பக் கிடைக்கும்.

மின்னஞ்சலை ஊர்விட்டு ஊர் கடத்தும் எஸ்எம்டிபி நெறிமுறையும் இதே வழியில் போனது. 1982ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 821 சொல்வது இது: ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வந்தால் கடிதம் முடிந்தது. கடிதத்திலேயே ஒரு வரி புள்ளியில் தொடங்கினால், அனுப்பும் கணினி இன்னொரு புள்ளியைச் சேர்க்க வேண்டும், பெறும் கணினி அதை நீக்க வேண்டும். சேர்ப்பதும் நீக்குவதும் இரண்டு தரப்புக்கும் கடமை. அதனால் கோடிக்கணக்கான கடிதங்கள் போய் வந்தும் புள்ளி யாருக்கும் பிரச்சினை ஆகவில்லை. இந்தப் புள்ளிக்கதை அத்தியாயத்தின் பிற்பகுதியில் வேறு முகம் காட்டும்.

எம்பாக்ஸ்காரர்கள் பாதி வேலையை மட்டும் செய்தார்கள். கடிதத்துக்குள் வரி ஐந்தெழுத்தில் தொடங்கினால் முன்னால் '>' சேர்க்க வேண்டும், சரி. படிக்கும்போது அதை நீக்க வேண்டுமா? சில நிரல்கள் நீக்கின, சில நீக்கவில்லை. ஏற்கெனவே '>' குறியோடு ஐந்தெழுத்து வந்திருந்தால்? அதைத் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

இந்தக் கடைசி அலட்சியத்தில்தான் விஷயம் இருக்கிறது. கணிதத்தில் ஒரு சார்பு இரண்டு வெவ்வேறு உள்ளீடுகளுக்கு ஒரே வெளியீட்டைத் தந்தால், வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்ப முடியாது. இங்கே ஐந்தெழுத்தில் தொடங்கும் வரியும், '>' குறியோடு ஐந்தெழுத்தில் தொடங்கும் வரியும் வட்டில் எழுதப்பட்ட பிறகு ஒன்றாகிவிடுகின்றன. கோப்பில் அப்படி ஒரு வரியைப் பார்த்தால் மூலத்தில் எது இருந்தது என்று சொல்லவே முடியாது. பத்து வரிகள் இருந்தால் 2இன் 10ஆம் அடுக்கு, அதாவது 1024 வெவ்வேறு மூலக்கடிதங்கள் அதே கோப்பைத் தந்திருக்க முடியும். எவ்வளவு புத்திசாலியான பார்சரை எழுதினாலும் இதைத் தாண்ட முடியாது. தகவல் தொலைந்தது படிக்கும்போது அல்ல, எழுதும்போது.

இதில் நட்டம் என்ன, ஒரு குறிதானே என்று தோன்றலாம். மின்னஞ்சலில் '>' வெறும் குறி அல்ல. பதில் எழுதும்போது அடுத்தவர் சொன்ன வரிகளை மேற்கோளாகக் காட்ட அதைத்தான் முன்னால் போடுகிறோம். ஆகவே நிரல் செருகிய '>' குறியால் நான் எழுதிய வாக்கியம் நீங்கள் சொன்னதாக மாறித் தெரியலாம். நிரல் நீக்கிய '>' குறியால் நீங்கள் சொன்னது என் வாயில் வந்து விழலாம். ஒரு வழக்கில் யார் எதை எழுதினார் என்று மின்னஞ்சலைக் கொண்டு நிறுவ வேண்டியிருந்தால், அந்த ஒரு பைட் சாதாரணமானது இல்லை.

கையெழுத்திட்ட மின்னஞ்சல்களுக்கு விளைவு இன்னும் நேரடியானது. பிஜிபி போன்ற முறைகளில் மின்கையொப்பம் கடிதத்தின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் கொள்கிறது. நடுவில் ஒரு '>' நுழைந்தால் கையொப்பம் செல்லாது. கடிதத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று நிரல் எச்சரிக்கும். எச்சரிக்கை உண்மைதான், கைவைத்தது திருடன் அல்ல, அஞ்சல் நிரல். இதற்கு பிஜிபி பற்றிய ஆர்எஃப்சி 3156 சொன்ன யோசனை வேடிக்கையானது: கையொப்பமிடும் முன்பே ஐந்தெழுத்தில் ஓர் எழுத்தையாவது, உதாரணமாக முதல் எழுத்தை '=46' என்று, குறிமுறையில் மாற்றிவிடுங்கள். பதினாறடிமான எண்ணில் அந்த எழுத்தின் எண் 46. வழியில் உள்ள நிரல்கள் ஐந்தெழுத்தைக் காணவும் மாட்டா, '>' செருகவும் மாட்டா. வேலிக்கு இன்னொரு வேலி.

நான்கு வாரிசுகள்

1995இல் ராகுல் தேசி ஒரு திருத்தம் முன்வைத்தார். எத்தனை '>' இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதன்பின் ஐந்தெழுத்து வந்தால், இன்னொரு '>' சேருங்கள். படிக்கும்போது ஒன்றை எடுங்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும், திரும்பும்போது ஒவ்வொன்றும் ஒன்று குறையும். இரண்டு உள்ளீடுகள் ஒரே வெளியீட்டில் போய் மோதுவதே இல்லை. தொலைத்தொடர்புக்காரர்கள் முன்பே செய்தது அது, ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய விதி. அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இந்த வகையை எம்பாக்ஸ்-ஆர்டி என்கிறார்கள். பழையது எம்பாக்ஸ்-ஓ.

இதற்கு முன்பே இன்னொரு கூட்டம் வேறு திசையில் போயிருந்தது. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் நான்காம் வெளியீட்டில், கடிதத்தின் தலைப்பகுதியிலேயே 'இதன் உள்ளடக்கம் இத்தனை பைட்' என்று எழுதிவைத்தார்கள். கோட்டைத் தேட வேண்டாம், எண்ணிக்கொண்டே போனால் அடுத்த கடிதம் வந்துவிடும். இது எம்பாக்ஸ்-சிஎல். எண்ணிக்கை இருக்கும்போது '>' எதற்கு என்று அதையும் விட்டுவிட்டது எம்பாக்ஸ்-சிஎல்2.

நீளத்தை முன்கூட்டிச் சொல்வது கணினி இயலில் மதிப்பான உத்தி, சந்தேகமில்லை. ஆனால் எம்பாக்ஸ் வெறும் உரைக்கோப்பு. யார் வேண்டுமானாலும் எடிட்டரில் திறந்து ஒரு வரியை அழிக்கலாம். யூனிக்ஸில் ஒரு வரியின் முடிவு ஒரு பைட், விண்டோஸில் இரண்டு. ஆயிரம் வரிக் கடிதம் ஒன்று ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சத்தமில்லாமல் ஆயிரம் பைட் பெருத்துவிடும், தலைப்பகுதியில் எழுதிய எண்ணிக்கை பழையதாகவே நிற்கும். அதற்குப் பின் எண்ணுகிற நிரல் தப்பான இடத்தில் போய் இறங்கும். இறங்கிய இடத்தில் ஐந்தெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பழையபடி தேடத் தொடங்கும். எண்ணிக்கையை நம்ப முடியாமல் கோட்டையும் பார்ப்பதானால் எண்ணிக்கை எதற்கு? நெட்ஸ்கேப்பின் அஞ்சல் நிரலில் வேலை செய்த ஜேமி ஸவின்ஸ்கி இந்த முறையைக் கடுமையாகச் சாடி எழுதினார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

நான்கு வகை இருப்பதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. கோப்பு எந்த வகை என்று எங்கேயும் எழுதியிருக்காது என்பதே சிக்கல். நான்குக்கும் ஒரே பெயர், ஒரே தோற்றம். ஒரே கோப்பில் பத்தாண்டுக் காலத்தில் மூன்று வெவ்வேறு நிரல்கள் எழுதியிருந்தால், ஒரே கோப்புக்குள்ளேயே வகைகள் கலந்து கிடக்கும். 

கண்டிப்பா, தாராளமா

அப்படியானால் பிரிப்பு வரி முழுவதையும் சோதிக்கலாமே? ஐந்தெழுத்தோடு நிற்காமல், பின்னால் முகவரியும் தேதியும் சரியான வடிவில் இருக்கின்றனவா என்று பார்த்தால் சாதாரண வாக்கியங்கள் தானாகக் கழிந்துவிடும். நல்ல யோசனைதான், நிஜக் கோப்புகளைத் திறக்கும்வரை.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988இல் எழுதிய யூடோரா, ஒரு காலத்தில் உலகின் செல்ல அஞ்சல் நிரல், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் '???@???' என்று எழுதியது. இணைப்புகளைக் கடிதத்திலிருந்து பிரித்து வேறு கோப்புறையில் போட்டது. மொஸில்லா குடும்பத்து நிரல்கள் முகவரிக்குப் பதில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு நேராகத் தேதிக்குப் போயின. கூகுள் டேக்அவுட்டில் ஜிமெயிலை இறக்கினால் முகவரி இடத்தில் நீண்ட எண் ஒன்று வரும். தேதியில் மணிக்கும் ஆண்டுக்கும் நடுவே '+0000' என்று நேர வலயம் நுழைந்திருக்கும். தொலைபேசி வழியாகக் கணினிக்குக் கணினி அஞ்சல் தாவிச் சென்ற யுயுசிபி காலத்துக் கடிதங்களில், எந்தக் கணினி வழியாக வந்தது என்ற தகவல் வரியின் கடைசியில் தொற்றிக்கொண்டிருக்கும். முந்தைய கணினிகள் இட்ட பிரிப்பு வரிகள் '>' குறியோடு தலைப்பகுதியின் மேலே வரிசையாக நிற்கும். அதாவது அங்கே '>' குறிக்கு வேறொரு பொருள்.

பைத்தான் மொழியின் பழைய பதிப்புகளில் இதற்கென்றே இரண்டு வகுப்புகள் இருந்தன. ஒன்று பிரிப்பு வரியைக் கண்டிப்பாகச் சோதிக்கும். மற்றது ஐந்தெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியைக் கண்டுகொள்ளாது. நடைமுறையில் காணும் வேறுபாடுகளிலிருந்து தப்பவே இந்தத் தாராளம் என்று ஆவணமே சொன்னது. எதைத் தேர்வது என்பது நிரலாளரின் தலையெழுத்து. மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருள் தன் காப்பகத்தைத் தாராளமாகப் படித்து உடைத்துவிடும் என்பதால், அதைக் கண்டிப்பாகப் படித்துச் சரிசெய்யத் தனியாக ஒரு துணைநிரலையும் சேர்த்தே தந்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் கிட். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய இந்தப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி, லினக்ஸ் கருநிரல்காரர்கள் திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வதால், எம்பாக்ஸைப் படிக்கவும் எழுதவும் வேண்டியிருக்கிறது. படிக்கும்போது அது செய்யும் சோதனை மிகச் சிறியது. ஐந்தெழுத்து இருக்கிறதா, வரி 20 பைட்டாவது நீளமா, கடைசிப் பக்கமிருந்து தேடினால் முக்காற்புள்ளியைச் சுற்றி மணிபோல இலக்கங்கள் இருக்கின்றனவா, அதன்பின் 90ஐவிடப் பெரிய ஓர் ஆண்டு இருக்கிறதா. எல்லாம் தேறினால், சரி, இவ்வளவு நெருங்கினால் போதும் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு ஒப்புக்கொள்கிறது. இந்தத் துறையில் எழுதப்பட்ட மிக நேர்மையான குறிப்பு அதுதான் என்பேன். கிட் எழுதும் கோப்புகளிலோ பிரிப்பு வரியின் தேதி எப்போதும் 2001 செப்டம்பர் 17, திங்கள், நள்ளிரவு. கிட் பிறப்பதற்கு மூன்றரை ஆண்டு முந்தைய நாள். இது நிஜ அஞ்சல்பெட்டி அல்ல, கிட்டின் வெளியீடு என்று மற்ற நிரல்கள் கண்டுகொள்ள வைத்த அடையாளம் அது.

கண்டிப்பான சோதனைக்கும் ஓட்டை உண்டு. ஒருவர் எம்பாக்ஸ் கோப்பின் ஒரு துண்டை அப்படியே இன்னொரு கடிதத்தில் ஒட்டி அனுப்பினால், உள்ளே இருக்கும் பிரிப்பு வரி எல்லாச் சோதனையிலும் தேறும். எம்பாக்ஸ் பற்றி விவாதிக்கிற கடிதங்கள்தான் எம்பாக்ஸை அதிகம் உடைக்கின்றன.

2005 செப்டம்பரில் ஒருவழியாக ஆர்எஃப்சி 4155 வந்தது. அது தரவிதி அல்ல, தகவலுக்காக மட்டும் வெளியிடப்பட்ட ஆவணம். எம்பாக்ஸ் என்ற கோப்புவகைக்கு இணையத்தில் ஒரு பெயரைப் பதிவு செய்தது, பல வகைகள் உலவுவதை ஒப்புக்கொண்டது. முதல் கையேட்டுக்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள். அதற்குள் எழுதப்பட்ட கோப்புகளை எந்த ஆவணமும் திருத்தி எழுத முடியாது.

இவ்வளவு தளர்வை இணையம் எப்படிச் சகித்தது என்று கேட்டால், அதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள் என்பதே பதில். 1980இல் ஜான் போஸ்டல் எழுதிய, டிசிபி என்ற இணைய நெறிமுறையின் ஆவணத்தில் வரும் அறிவுரை புகழ்பெற்றது: நீ செய்வதில் கட்டுப்பாடாக இரு, பிறரிடமிருந்து பெறுவதில் தாராளமாக இரு. தொடக்ககால இணையம் அதனால்தான் வளர்ந்தது. ஆனால் பெறுகிறவர் எதையும் ஏற்றுக்கொண்டால் அனுப்புகிறவர் திருந்தக் காரணமே இல்லை. ஆளுக்கொரு தாராளம் காட்டும்போது, ஒரே பைட் வரிசையை இருவர் இருவிதமாகப் படிப்பார்கள்.

2023 டிசம்பரில் எஸ்இசி கன்சல்ட் நிறுவனம் வெளியிட்ட 'எஸ்எம்டிபி கடத்தல்' என்ற தாக்குதல் இதைத்தான் பயன்படுத்தியது. முன்பு பார்த்த ஒற்றைப் புள்ளிதான் அதில் கதாநாயகன். புள்ளிக்கு முன்னும் பின்னும் வரும் வரிமுடிவு இரண்டு பைட்டாக இருக்க வேண்டும் என்பது விதி. சில சேவையகங்கள் ஒரு பைட்டையும் தாராளமாக ஏற்றுக்கொண்டன, சில அதைக் கடிதத்தின் பகுதியாகவே கடத்தின. முதல் சேவையகம் ஒரே கடிதம் என்று நினைத்து அனுப்பியதை இரண்டாவது சேவையகம் இரண்டு கடிதங்களாகப் படித்தது. இரண்டாவது கடிதத்தில் அனுப்புநர் முகவரி தாக்குபவர் விருப்பப்படி. சரியாக எழுதப்பட்ட விதியே இப்படி உடைந்தது என்றால், விதியே இல்லாத எம்பாக்ஸ் காப்பகத்துக்குள் ஒரு போலிக் கடிதத்தை நுழைப்பது எவ்வளவு எளிது என்று எண்ணிப்பாருங்கள். '>' சேர்க்காத நிரல் ஒன்று நடுவில் இருந்தால் போதும்; கடிதத்தின் உடலில் ஒரு வெற்று வரி, ஒரு பிரிப்பு வரி, பொய்யான தலைப்பகுதி எழுதினால் வேலை முடிந்தது.

மாற்று இல்லாமல் இல்லை. 1990களின் நடுவில் டேனியல் பெர்ன்ஸ்டீன் தன் க்யூமெயில் நிரலுக்காக வடிவமைத்த மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக்கோப்பு. பிரிக்கும் கேள்வியே எழாது. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதினாலும் மோதாது, பூட்டுப் போட வேண்டியதில்லை. ஆனால் கடிதம் படிக்கப்பட்டதா, பதில் போயிற்றா என்பதைக் கோப்பின் பெயரிலேயே முக்காற்புள்ளி போட்டு எழுதுகிறது. விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை அனுமதிப்பதில்லை. ஆகவே அங்கே ஆளுக்கொரு மாற்றுக்குறி. புதிய முறை, பழைய குணம்.

தமிழ்க் கடிதங்களுக்கு ஐந்தெழுத்துத் தொல்லை குறைவு என்றேன். பதிலாக இன்னொன்று உண்டு. 1990களின் பிற்பாதியில் தமிழ் மின்னஞ்சல்கள் டிஸ்கி, டேப், இன்னும் எழுத்துருவுக்கொரு தனிக் குறிமுறை என்று போய்வந்தன. தலைப்பகுதியில் குறிமுறையின் பெயர் இருக்காது, அல்லது மேற்கு ஐரோப்பிய லத்தீன் என்று பொய்யாக எழுதியிருக்கும். இணையக் குறிமுறைகளின் பெயர்களைப் பதிவு செய்யும் ஐயானா அமைப்பின் பதிவேட்டில் டிஸ்கி முறைப்படி ஏறியதே 2007இல்தான், அதற்குள் பெரும்பாலோர் யூனிகோடுக்கு மாறியிருந்தார்கள். அந்தக் காலத்து மடற்குழுக் கோப்பு ஒன்று கையில் கிடைத்தால், கடிதங்களைப் பிரிக்க ஒருமுறை ஊகிக்க வேண்டும், ஒவ்வொன்றும் எந்தக் குறிமுறை என்று இன்னொருமுறை ஊகிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கோப்புக்கு நல்ல பார்சர் எழுதுவது விதியைச் செயல்படுத்துவது அல்ல, தடயங்களை எடைபோடுவது. முன்னால் வெற்று வரி இருக்கிறதா என்பது ஒரு தடயம். தேதி தேதியைப் போல இருக்கிறதா என்பது இன்னொன்று. மிக வலுவானது பிரிப்பு வரிக்கு அடுத்த வரி: அது ஒரு சொல், ஒட்டி முக்காற்புள்ளி, பிறகு ஏதாவது என்ற தலைப்பகுதி வடிவில் இருந்தால் புதிய கடிதம் என்று ஏறக்குறைய நம்பலாம். இயல்பான உரைநடையில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடுவது அரிது.

சந்தேகம் தீராத இடத்தில் எந்தப் பக்கம் சாய்வது? பிரிக்கும் பக்கம் என்பது என் தீர்ப்பு. ஒன்றை இரண்டாக உடைத்தால் தேதியில்லாத பேய்க் கடிதம் பட்டியலில் வந்து நிற்கும், பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். இரண்டை ஒன்றாக ஒட்டினால் இரண்டாவது கடிதம் முதலாவதன் வயிற்றுக்குள் மறைந்துவிடும். அதைத் தேட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது. கூடவே பார்சர், ஒவ்வொரு பிரிப்பும் கோப்பின் எந்தப் பைட்டில் நடந்தது, எந்தத் தடயத்தால் நடந்தது என்று எழுதிவைக்க வேண்டும். நாளை வேறொருவர் அந்த ஊகத்தை மறுக்க வேண்டியிருக்கலாம்.

உங்கள் பழைய அஞ்சலை டேக்அவுட்டிலிருந்தோ மொஸில்லா குடும்பத்துத் தண்டர்பேர்டிலிருந்தோ எடுத்து வைத்திருந்தால், அந்தக் கோப்பை எடிட்டரில் திறந்து சேமித்துவிடாதீர்கள். வரிமுடிவுகள் மாறிவிடலாம், எண்ணிக்கைகள் பொய்யாகிவிடலாம். முதலில் ஒரு நகல் எடுங்கள். பிரிப்பது, மாற்றுவது, குறிமுறையைத் திருத்துவது எல்லாம் நகலில் செய்யுங்கள். மாற்றிய பிறகு இருக்கும் கடிதங்களின் எண்ணிக்கையைப் பழைய நிரல் காட்டிய எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். 1970 ஜனவரி 1 தேதியில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். மூலக்கோப்பை மட்டும் அழிக்காதீர்கள்.